பொத்தானும் விரலும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உங்க தொழில் அனுபவத்தைப் பத்திப் பேசுங்க" என்றார் செயலாளர். நான் பேசப் போவது ஒரு விளையாட்டுப் பெட்டியைப் பற்றி. சிரிக்காதீர்கள். வெளியே வராண்டாவில் ஒரு மரப்பெட்டி நிற்கிறதே, காலையிலிருந்து தம்பிகள் மொய்க்கிறார்களே, அதேதான்.

எங்கள் செட்டுக்காரர்களுக்கு நினைவிருக்கும். ஞாயிற்றுக்கிழமை திருச்சிக்கு பஸ் ஏறினால் வீடியோ கேம் கடையை எட்டிப் பார்க்காமல் திரும்ப மாட்டோம். ஒரு ரூபாய்க்கு ஒரு ஆட்டம். 1993-இல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் வெளியிட்ட 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்' என்ற விளையாட்டு. அந்தப் பெயர் யார் வாயில் நுழையும்? அதில் வரும் வீரன் ஒருவன் பெயர் முஸ்தபா. நமக்கு அந்த விளையாட்டே 'முஸ்தபா'தான். எங்கள் அறைத் தோழன் ஒருவன் ஒரே ரூபாயில் கடைசி வரை போவான். "தம்பி, நீ வந்தா என் வியாபாரம் படுத்துடும்" என்று கடைக்காரரே கும்பிடுவார்.

சில வருஷங்களுக்கு முன் அவனுக்கு பைக் விபத்து. வலது கை நரம்பில் அடி. விரல் அசையும், பலம் கிடையாது. அதோடு நம் சந்திப்புக்கு வருவதையே நிறுத்திவிட்டான். போன் செய்தால், "வந்து என்னடா பண்றது, கை குலுக்கக்கூட முடியாது" என்பான். எனக்குத் தூக்கம் வரவில்லை. குன்னத்தில் எங்கள் ஆசாரியைப் பிடித்து பிளைவுட்டில் பெட்டி செய்தேன். உள்ளே ராஸ்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர். பொத்தான்கள் சென்னை ரிச்சி தெருவில் வாங்கியவை. அவனை வீட்டுக்கு வரவழைத்து முன்னால் நிறுத்தினேன். விரலை வைத்தான். பொத்தான் இறங்கவில்லை. ஒன்றும் பேசாமல் காபி குடித்துவிட்டுப் போய்விட்டான்.

அன்று ராத்திரி ஒரு பொத்தானைக் கழற்றிப் பார்த்தேன். மேலே பிளாஸ்டிக் தொப்பி, நடுவில் ஸ்பிரிங், அடியில் மைக்ரோ ஸ்விட்ச். அந்த ஸ்விட்சுக்குள்ளும் மெல்லிய தகடு ஒன்று ஸ்பிரிங் போல வேலை செய்கிறது. 'டிக்' என்ற சத்தம் அதனுடையது. ஆக, விரல் இரண்டு ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டுகிறது.

எவ்வளவு பலம் வேண்டும் என்று அளக்க வேண்டுமே? நம் ஊர்க் கடைகளில் வாங்க மறுக்கும் பத்து ரூபாய் நாணயம் வீட்டில் குவிந்து கிடந்தது. ஒன்று 7.71 கிராம். பொத்தான் மேல் ஒவ்வொன்றாக அடுக்கினேன். பதின்மூன்றாவது நாணயத்தில் 'டிக்'. ஏறக்குறைய 100 கிராம்.

ஸ்பிரிங்கை வெட்டினால் இளகிவிடும் என்று நினைத்து இரண்டு சுற்று வெட்டினேன். இங்கே பௌதிகத் துறை ஆசிரியர் என்னை மன்னிக்க வேண்டும், அவர் நடத்திய பாடம்தான். சுற்று குறைந்தால் ஸ்பிரிங்கின் விறைப்பு கூடும். தொட்டதும் லேசாக இருந்தது, போகப் போக முரண்டு பிடித்தது. பிறகுதான் வழி தெரிந்தது. நடு ஸ்பிரிங்கையே எடுத்துவிட்டேன். ஸ்விட்சுக்குள் இருக்கும் தகடே தொப்பியை மேலே தள்ளிவிடுகிறது. நீளமான நெம்புத் தகடு வைத்த ஸ்விட்சாக மாற்றியதும் இன்னும் இளகியது. அதில் விரல் கூடுதல் தூரம் போக வேண்டும், ஆனால் பலம் குறைவாகப் போதும்.

அப்புறம் வேறு தொல்லை. மூன்று நாணயத்துக்கே இறங்கியதால், விரலைச் சும்மா வைத்தாலே முஸ்தபா உதைக்க ஆரம்பித்துவிட்டான்! கூட்டிக் குறைத்து ஆறு நாணயத்தில் நிறுத்தினேன், அதாவது சுமார் 46 கிராம். தொப்பிக்கு அடியில் சைக்கிள் டியூப் வளையம் ஒன்று போட்டதில் 'டக்' என்ற இடிச் சத்தமும் அடங்கியது.

இன்னொன்றும் பாக்கி. அந்த விளையாட்டில் அடி, குதி என்று இரண்டே பொத்தான். இரண்டையும் ஒன்றாக அழுத்தினால்தான் பெரிய அடி விழும். அவனால் அது முடியாது. மூன்றாவதாக ஒரு பொத்தான் வைத்து, அது ஒன்றே இரண்டின் வேலையையும் செய்யும்படி கம்ப்யூட்டரில் அமைத்தேன்.

இது என் புத்திசாலித்தனம் என்று நினைக்காதீர்கள். டைப்பிங் கிளாஸ் போனவர்களுக்குத் தெரியும். என் தங்கைக்கு 'ஏ' எழுத்து மட்டும் மங்கலாக விழும், சுண்டுவிரலில் பலம் போதாது. மாஸ்டர் மிஷினில் 'டச் கன்ட்ரோல்' என்ற ஒன்றைத் திருப்பிவிடுவார். எழுத்து பளிச்சென்று விழும். அவர் ஒரு நாளும் "உன் விரல் சரியில்லை" என்று சொன்னதில்லை.

பெரிய நிறுவனங்களும் பட்டுத்தான் கற்றன. 1987-இல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' முதல் விளையாட்டில், எவ்வளவு ஓங்கி அடிக்கிறோமோ அவ்வளவு பலமாகத் திரையில் குத்து விழும். ரப்பர் திண்டை ஜனங்கள் குத்தியதில் கையும் வலித்தது, இயந்திரமும் பழுதானது. பிறகு ஆறு சாதாரணப் பொத்தான் வைத்தார்கள். 2018-இல் மைக்ரோசாஃப்ட், உடல் குறைபாடு உள்ளவர்கள் தங்களுக்கு ஏற்ற பொத்தான்களைச் செருகிக்கொள்ளும்படி தனியாக ஒரு கருவியே வெளியிட்டது.

தம்பி தங்கைகளே, நாளை நீங்கள் இயந்திரம் செய்வீர்கள், மென்பொருள் எழுதுவீர்கள், ஆபீஸில் கவுன்ட்டர் வைப்பீர்கள். எதிரில் இருப்பவரால் முடியவில்லை என்றால், முதலில் உங்கள் ஸ்பிரிங்கைக் கழற்றிப் பாருங்கள். நான் அன்று அவன் கையைத்தான் பார்த்தேன், பொத்தானைப் பார்க்கவில்லை. அந்த ஒரு காபி நேரத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

அவன் இன்று வந்திருக்கிறான். பெயரைச் சொல்லக்கூடாது என்று உத்தரவு. வராண்டாவில் வலது பக்கப் பொத்தான்கள் அவனுடையவை, ஆறு நாணயம். இடது பக்கம் அதே பதின்மூன்று. தைரியம் உள்ளவர்கள் போய் நில்லுங்கள். காலையிலிருந்து அவனை யாரும் ஜெயிக்கவில்லை.