வேலி ஓரத்தில் ஒரு புள்ளிக்கோடு

ஒரு நாணயம் எந்த இடத்தில் தொலையும்? நடந்துபோகும் வழியில் விழுவதைவிட, நின்ற இடத்தில், குனிந்த இடத்தில், சுருக்குப்பையை அவிழ்த்த இடத்தில்தான் அதிகம் விழும். ஓடக்காரருக்குக் கூலி கொடுத்த துறை, வேலியைத் தாண்டக் காலைத் தூக்கிய இடம், சந்தைத் திடல், அறுவடை நாளில் சாப்பிட ஒதுங்கிய மரத்தடி. இங்கிலாந்தில் மெட்டல் டிடெக்டரோடு வயலில் இறங்குகிறவர்களில் விவரமானவர்கள் இந்த இடங்களைத்தான் தேடுகிறார்கள். பழைய வரைபடத்தை விரித்துவைத்து, வீட்டு மேசையிலேயே தேடலைத் தொடங்கிவிடுகிறார்கள்.

எந்த வரைபடம்? 1579இல் கிறிஸ்டோபர் சாக்ஸ்டன் வெளியிட்ட படங்கள் கண்ணுக்கு அழகு. ஆனால் அவற்றில் சாலையே கிடையாது. 1675இல் ஜான் ஓகில்பி, சக்கரத்தை உருட்டி அளந்த சாலைகளை, மைலுக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் நீளப் பட்டைகளாக அச்சிட்டார். பாலம் தெரியும், ஊர் தெரியும். சாலையைவிட்டு விலகினால் ஒன்றும் தெரியாது. வயல் அளவுக்கு இறங்கிப் பார்க்க, பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வர வேண்டும். 1791இல் தொடங்கிய ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு நில அளவை நிறுவனம், 1840களிலிருந்து மைலுக்கு ஆறு அங்குலமாகவும், 1850களிலிருந்து மைலுக்கு இருபத்தைந்து அங்குலமாகவும் இங்கிலாந்தை வரையத் தொடங்கியது. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இந்தப் படங்களை இலவசமாகப் பார்க்கலாம். இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்தியும் பார்க்கலாம்.

அப்படி ஒரு தாளைக் கிட்டத்தில் பாருங்கள். வயலின் குறுக்கே ஒரு புள்ளிக்கோடு போகும். பக்கத்தில் எஃப்.பி. என்று இரண்டெழுத்து: ஒற்றையடிப் பாதை. அது வேலியைத் தொடும் புள்ளியில் ஒரு தாண்டுபடி இருந்திருக்கலாம். இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு கிணறு. வயல் நடுவே தனியாக ஒரு மரம். செயற்கைக்கோள் படத்தில் அதே இடத்தில் பாதையும் இல்லை, வேலியும் இல்லை. எல்லாம் ஒரே உழவுக்காடு. பழைய தாளில் இருந்து புதிய படத்தில் காணாமல்போன அந்த இடம்தான் போய்ப் பார்க்கத் தகுந்த இடம்.

எனக்கு மனசுக்கு நெருக்கமானவை தசமபாக வரைபடங்கள். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தேவாலயத்துக்குக் கதிராகவும் கம்பளியாகவும் அளந்துவந்த வழக்கத்தை, 1836ஆம் ஆண்டுச் சட்டம் பணமாக மாற்றியது. அதற்காக ஊர் ஊராக வயல்களை வரைந்து எண் கொடுத்தார்கள். கூடவே நம் அடங்கல் போல ஒரு பதிவேடு: உடைமையாளர் யார், பயிர் செய்பவர் யார், என்ன சாகுபடி, எவ்வளவு பரப்பு, வயலின் பெயர் என்ன. அந்தப் பெயர்களில்தான் ஊர் மக்களின் நினைவு இருக்கிறது. சேப்பல் ஃபீல்டு, அதாவது சிற்றாலய வயல் என்று பெயர். சிற்றாலயம் எதுவும் கண்ணில் படாது. பிளாக்லேண்ட்ஸ், அதாவது கருநிலம்: தலைமுறை தலைமுறையாக மனிதர் குடியிருந்து, அடுப்புச் சாம்பலும் குப்பையும் கலந்து கறுத்த மண்ணாக இருக்கலாம். ரோமானியர் காலக் குடியிருப்புகள் அப்படிப்பட்ட நிலங்களில் வெளிப்பட்டிருக்கின்றன. ஆனால் பெயரை மட்டும் நம்பி ஓடக் கூடாது. ஃபேர்ஃபீல்டு என்றால் சந்தை கூடிய திடலாகவும் இருக்கலாம், வெறுமனே அழகான வயல் என்றும் இருக்கலாம். பெயர், பாதை, நீர்நிலை மூன்றும் ஒரே இடத்தைக் காட்டினால் நம்பிக்கை வரும்.

இந்த அறிவு தவறான கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சர்ரே மாவட்டத்து வான்பரோவில் 1980களில் ஒரு ரோமானியக் கோயில் இருந்த இடத்தைத் திருடர்கள் தோண்டி, ஆயிரக்கணக்கான நாணயங்களை அள்ளிப்போனார்கள். எந்த நாணயம் எந்த மண்ணடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பது இனி யாருக்கும் தெரியாது. நினைக்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது. அதன் பிறகு எழுந்த குரல்களும் சேர்ந்துதான் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தைக் கொண்டுவந்தன. புதையல் என்று கருதத்தக்கது எது கிடைத்தாலும் 14 நாளுக்குள் கொரோனர் என்ற அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். தேடுவதற்கு நில உடைமையாளரின் அனுமதி வேண்டும். பாதுகாக்கப்பட்ட நினைவிடங்களில், சிறப்பு அனுமதி இல்லாமல் டிடெக்டரைப் பயன்படுத்துவதே குற்றம். பழைய படத்தில் கோதிக் எழுத்தில் ஒரு மடத்தின் பெயரோ கோட்டையின் பெயரோ இருந்தால், முதலில் பாதுகாப்புப் பட்டியலைப் பார்க்க வேண்டும். நம் இந்தியாவிலோ, 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்திருந்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதானால் கலெக்டருக்கு அறிவித்தாக வேண்டும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும், புதையல் அல்லாத சின்னப் பொருள்களையும் பதிவுசெய்ய 1997இல் ஒரு திட்டம் தொடங்கியது. இதுவரை 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியிருக்கின்றன. பெரும்பாலும் சாதாரணப் பொருள்கள்தான்: தேய்ந்த காசு, இடுப்புவார்க் கொக்கி, ஈயக்குண்டு. தேடுகிறவர் ஒவ்வொன்றையும் ஒரு சின்னப் பையில் போட்டு, கிடைத்த இடத்தின் வரைபட எண்ணை மேலே எழுதுகிறார். மாலையில் அந்தப் புள்ளிகளைப் பழைய தாளில் குறித்தால், சில சமயம் அவை வேலி ஓரமாக வரிசையாக நிற்கும். அந்த வரிசையில் ஒரு பாதை போயிருக்கலாம். 1840களில் நில அளவைக்காரர்கள் வருமுன்னே அது அழிந்துபோயிருக்கும்.