வாலிபாலில் சுழல் சர்வீஸ்

வாலிபாலில் ஓங்கி அடித்த சர்வீஸ் கோட்டைத் தாண்டிப் போகாமல் சட்டென்று களத்துக்குள் இறங்கக் காரணம், பந்தின் முன்சுழற்சி. முன்னோக்கிச் சுழலும் பந்தின் மேல்புறத்தில் காற்றழுத்தம் கூடுகிறது, அடிப்புறத்தில் குறைகிறது. பந்து கீழே தள்ளப்படுகிறது. ஜெர்மானிய இயற்பியலாளர் மேக்னஸ் 1852இல் ஆராய்ந்த விளைவு இது. ஆண்கள் ஆட்டத்தில் வலையின் உயரம் 2.43 மீட்டர்; அதற்கு அப்பால் இருப்பது 9 மீட்டர் களம்தான் என்பதால் இந்த இறக்கம் தேவைப்படுகிறது.

பயிற்சியைச் சுவரருகே தொடங்குவது நல்லது. பந்தைத் தரையில் அடித்தால் அது சுவரில் பட்டுத் திரும்பும். விரல்கள் விரிந்திருக்க, உள்ளங்கையின் அடிப்பகுதி பந்தின் பின்புறத்தில் முதலில் பட வேண்டும். உடனே மணிக்கட்டை மடக்கி, விரல்களைப் பந்தின் மேலே கொண்டுபோக வேண்டும். இரு வண்ணப் பந்தானால் சுழற்சி நேராக இருக்கிறதா, பக்கவாட்டில் சாய்கிறதா என்பது கண்ணிலேயே தெரியும்.

புதியவர்கள் பலத்தைத்தான் கூட்டப் பார்க்கிறார்கள். கோளாறு பெரும்பாலும் பந்தைத் தூக்கிப்போடுவதில் இருக்கும். தலைக்குப் பின்னால் போன பந்தின் அடியில்தான் கை படும். சுழற்சி எதிர்த்திசையில் திரும்பிவிடும். அடிக்கும் தோளுக்கு நேராக, சற்று முன்னால் போட வேண்டும். களத்தில், முதலில் வலையிலிருந்து 3 மீட்டர் தள்ளியுள்ள கோட்டிலிருந்து அடித்துப் பழக வேண்டும், பிறகு கடைக்கோட்டிலிருந்து. எகிறி அடிப்பது எல்லாவற்றுக்கும் பிறகு.