காதில் விழும் ஆங்கிலம்

கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவல்காரர் எழுத்தாளர் கி. ராஜநாராயணன். கரிசல் சனங்கள் புழங்கும் சொற்களைக் காதால் கேட்டுத் திரட்டி, 1982-இல் வட்டார வழக்கு அகராதியாகத் தந்தார்.

ஆங்கிலம் படிக்கவும் அந்தக் காது வேண்டும். பிபிசி 1943-லேயே வானொலியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தது. இன்று யூடியூப் கைக்குள் இருக்கிறது. ஆனால் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தால் பேச்சு வராது.

சின்ன வீடியோ ஒன்று போதும். மரபுத்தொடர் ஒன்று காதில் விழுந்ததும் நிறுத்துங்கள். யார், யாரிடம், எந்தச் சமயத்தில் சொன்னார் என்று கவனியுங்கள். முழு வாக்கியமாக எழுதி, வாய்விட்டுச் சொல்லுங்கள். அன்றைக்கே யாரிடமாவது பேசிப் பாருங்கள். மறுநாள் வீடியோவைத் திரும்பக் கேளுங்கள்.

தப்பாகப் பேசினாலும் பரவாயில்லை, பேசாமல் இருந்துவிடாதீர்கள்.