முதுசம் என்றொரு சொல்



இன்ஹெரிட்டன்ஸ், ஹெரிடேஜ், ஹெரிடிட்டி என்ற ஆங்கிலச் சொற்குடும்பம் டச்சிலும் தமிழிலும் எப்படி வழங்குகிறது என்று பார்த்து, ஒரு சொல்லடைவு தொகுக்க நீலகிரியின் அருவங்காட்டில் கூடியிருக்கிறோம். வாரிசைக் குறிக்கும் லத்தீன் சொல்தான் மூன்றுக்கும் வேர். டச்சு மொழியோ 'எர்ஃப்' என்ற தன் சொந்த வேரிலிருந்தே எல்லாவற்றையும் ஆக்கிக்கொண்டது. கைக்கு வரும் சொத்து எர்ஃபனிஸ், அதைப் பெறுபவர் எர்ஃப்கெநாம், பண்பாட்டுச் செல்வம் எர்ஃப்கூட். வீட்டைச் சுற்றியுள்ள மனைக்கும் எர்ஃப் என்றே பெயர்.

நம்மிடம் இக்குடும்பம் சிதறிக் கிடக்கிறது. தாலுகா அலுவலகத்தில் அரபு வழி வந்த 'வாரிசு'. பத்திரத்தில் வடமொழிப் 'பிதுரார்ஜிதம்'. உயிரியல் வகுப்பில் 'மரபு'. இந்த ஊர் வழியே போகும் மலை ரயில் 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபோது 'பாரம்பரியச் சின்னம்' ஆயிற்று. பிறமொழிச் சொற்கள் வந்ததில் எனக்குக் குறையில்லை. முதுசம் என்ற அருமையான சொல்லைக் கையில் வைத்துக்கொண்டே தமிழ்நாட்டில் மறந்துவிட்டோமே என்பதுதான் வருத்தம்.

அச்சொல்லைப் பதிந்துவைத்தது டச்சு ஆட்சி. யாழ்ப்பாணத்தில் திசாவை என்னும் நிர்வாக அதிகாரியாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ், ஆளுநர் சைமன்ஸின் ஆணைப்படி, அவ்வூர் வழக்கங்களை 1707இல் டச்சு மொழியில் தொகுத்தார். அதுவே தேசவழமை. யான் பீருஸ் அதைத் தமிழாக்க, முதலியார் பட்டம் பெற்ற 12 உள்ளூர்த் தலைவர்கள் படித்துப் பார்த்து ஒப்புதல் தந்தார்கள். கணவன் கொண்டுவரும் பரம்பரைச் சொத்து முதுசம், மனைவி கொண்டுவருவது சீதனம், மணவாழ்வில் சேர்வது தேடியதேட்டம். 1806இல் ஆங்கிலேயர் இதைச் சட்டமாக்கியபோதும் இந்தத் தமிழ்ச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் அப்படியே நின்றன. பொருள் விளக்கம் மட்டும் பக்கத்தில் சேர்ந்தது.

அவ்விளக்கங்களில் சீதனத்துக்கு இட்ட 'டவுரி'தான் இடறுகிறது. இன்று நம் ஊரில் டவுரி என்றால் மாப்பிள்ளை வீட்டார் கேட்டு வாங்கும் வரதட்சிணை. தேசவழமைச் சீதனமோ பெண்ணுக்கே உரிய சொத்து. அதைப் பெற்றவள் பெற்றோரின் மற்றச் சொத்தில் சகோதரர்களோடு பங்கு கேட்க முடியாது. சீதனமே அவளுடைய பங்கு. இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்கும் அகராதி, அவளுடைய உரிமையையே மறைத்துவிடும்.

இலங்கையில் வழங்கும் சொற்களைத் தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் வாழ்கின்றன. தேசவழமை அவர்களுக்குரிய சட்டமன்று. ஆயினும் சொத்தையும் உறவையும் குறிக்க அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் ஆளும் சொற்களை, இங்கு வந்துள்ள இளைஞர்கள் நேரில் கேட்டுப் பதிந்தாக வேண்டும்.

கட்டுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்று முடித்துவிடாதீர்கள். டச்சு வடிவம், தேசவழமைச் சொல், நம் பத்திர வழக்கு மூன்றையும் அருகருகே எழுதுங்கள். உங்கள் வீட்டில் பழைய பாகப் பிரிவினைப் பத்திரங்கள் இருந்தால், அவற்றின் படிகளை இந்தச் சொல்லடைவுக்குத் தந்து உதவுங்கள்.