ஆற்றோடு போகக் கூடாத கணக்கு

(மேலப்பாளையம் பொதுக்கூட்ட உரையின் சுருக்கம்)

 

1999 ஜூலை 23 அன்று கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தின் அருகே நடந்ததை இந்த ஊருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் வந்தவர்கள் மீது தடியடி. தாமிரபரணியில் 17 உயிர்கள் போயின. அதில் ஒன்று ஒன்றரை வயதுக் குழந்தை. நீதிபதி மோகன் கமிஷன் அமர்ந்தது. காவல்துறையின் செயலை நியாயப்படுத்தி அறிக்கை தந்தது. கமிஷனை நம் மக்கள் கோர்ட் என்று நினைத்து விடுகிறார்கள். 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி அது பரிந்துரைக்கத்தான் முடியும். யாரையும் தண்டிக்க முடியாது.

சாதாரணச் சட்டத்திலேயே இந்த நிலை என்றால் தடா காலத்தை எண்ணிப் பாருங்கள்! 1985 முதல் 1995 வரை 76 ஆயிரத்துக்கும் அதிகமானோர் கைது. தண்டனை பெற்றவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் கூட இல்லை. எஸ்.பி. எழுதி வாங்கும் வாக்குமூலமே சாட்சியம். பிடித்தவரே விசாரணை செய்பவர்; அவரை யார் விசாரிப்பது?

பஞ்சாபில் ஜஸ்வந்த் சிங் கால்ரா விசாரித்தார். அவர் போலீஸ்காரர் அல்ல. சுடுகாட்டில் விறகுக் கணக்குப் பதிவேட்டைப் புரட்டினார். 'அடையாளம் தெரியாத' பிணங்கள் எத்தனை எரிந்தன என்று தெரிந்துவிட்டது. 1995 செப்டம்பரில் அவரையே கடத்தினார்கள்; பிறகு கொன்றார்கள். ஆனால் உச்சநீதிமன்றம் ஏவிய சி.பி.ஐ., அமிர்தசரஸ் மாவட்டத்தில் மட்டும் 2,097 உடல்கள் எரிக்கப்பட்டதைக் கண்டது.

மீரட் ஹாஷிம்புராவில் 1987 மே மாதம் நம் வாலிபர்களை லாரியில் ஏற்றிச் சென்று சுட்டு, கால்வாயில் வீசினார்கள். 31 ஆண்டுகள் கழித்து, 2018 அக்டோபரில், ஆயுதப் போலீசார் 16 பேருக்கு ஆயுள் தண்டனை. அங்கேயும் கைகொடுத்தது தாமதமாக வெளிவந்த அந்தப் படைப்பிரிவின் நாட்குறிப்பேடு! தீர்ப்பளித்த அமர்வில் இருந்த நீதிபதி முரளிதர், அதே டிசம்பரில் 1984 சீக்கியர் படுகொலை வழக்கில் இன்னொன்றும் சொன்னார்: மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்று நம் சட்டத்தில் ஒரு குற்றமே இல்லை, இந்த ஓட்டையை அடைக்க வேண்டும் என்று. 1998 ரோம் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை.

ஒரு போலீஸ்காரர் ஒருவரை அடிப்பது அந்தக் குற்றமாகாது. பரவலாக, அல்லது திட்டமிட்ட முறையில், பொதுமக்கள் மீது நடந்தது என்று காட்ட வேண்டும். அதற்குப் பேச்சு உதவாது, பதிவேடுதான் உதவும்.

ஆகவே ஒவ்வொரு ஜமாஅத்தும் ஒரு பேரேடு திறக்கட்டும். யாரை, எத்தனை மணிக்கு, எந்த எண் வண்டியில், எந்த அதிகாரி கொண்டு போனார், வீட்டுக்கு எப்போது தகவல் வந்தது என்று அன்றே எழுதுங்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். மனித உரிமை ஆணையத்துக்கு உடனே மனு போடுங்கள். சம்பவம் நடந்து ஓராண்டு கடந்தால் அவர்கள் விசாரிக்க மாட்டார்கள்.