‘வேலை இருந்தா சொல்லுங்கோ தம்பி’

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அதிகம் மாற்றாமல், படிக்க வசதியாகத் தொகுக்கப்பட்டது.)

நல்லது செய்யப் போன இடத்துல நாங்க செஞ்ச ஒரு தப்பைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப்போறேன்.

2020 மார்ச் 25, நாடு முழுக்க ஊரடங்கு. அப்போ நான் சென்னையில எங்க பங்கு ஆலயத்தோட இளைஞர் குழுவுல இருந்தேன். கோயில் பூட்டியிருந்தது. ஆனா வாட்ஸ்அப்ல கேட்டா அரிசி வந்துச்சு, பருப்பு வந்துச்சு, காசும் வந்துச்சு. அதிகாரிகள்கிட்ட அனுமதி வாங்கி, திருவள்ளூர் பக்கம் இருக்கற ஒரு இலங்கைத் தமிழர் முகாமுக்கு எடுத்துக்கிட்டுப் போனோம்.

முகாம்னா என்னன்னு தெரியாதவங்களுக்குக் கொஞ்சம் சொல்லிடறேன். 1983 கலவரத்துக்கு அப்புறம் பல அலைகளா வந்தவங்க, அவங்க பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க வாழற இடம். தமிழ்நாட்டுல இந்த மாதிரி நூத்துக்கும் மேல முகாம்கள் இருக்கு. இங்கேயே பிறந்து வளர்ந்தாலும் பலருக்குக் குடியுரிமை கிடையாது. அதனால அரசு வேலை கிடையாது, பேங்க் லோனும் சுலபமில்ல. ஆம்பளைங்க நிறைய பேருக்குப் பெயிண்டிங் வேலைதான். வெளி ஆளை வீட்டுக்குள்ளயே விடாத காலத்துல யாரு பெயிண்ட் அடிக்கக் கூப்பிடுவாங்க?

அரசு உதவித்தொகை வந்துச்சு, ரேஷனும் வந்துச்சு. ஆனா அப்போ குடும்பத் தலைவருக்கு மாசம் 1,000 ரூபாய், மத்த பெரியவங்களுக்கு 750, குழந்தைக்கு 400. அப்பா, அம்மா, ரெண்டு சின்னப் பிள்ளைங்கன்னா 2,550 ரூபாய். 2021 ஆகஸ்ட்லதான் அதைக் கூட்டினாங்க. கடன் தவணைக்கு மூணு மாசம் அவகாசம்னு ரிசர்வ் வங்கி அறிவிச்சது உண்மை. ஆனா தெருவுல வட்டிக்கு விடறவருக்கு ரிசர்வ் வங்கி சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன?

நாங்க என்ன பண்ணோம்? வரிசையில நிக்க வச்சோம். பை கொடுத்தோம். கொடுக்கும்போது போட்டோ எடுத்தோம். ஒரு அக்கா பையை வாங்கிட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. அப்புறம் தனியா வந்து சொன்னாங்க: “அரிசி தந்ததுக்குச் சந்தோசம் தம்பி. இது பத்து நாளைக்கு வரும். ஏதும் வேலை இருந்தா சொல்லுங்கோ. எனக்குத் தைக்கத் தெரியும்.”

அந்தச் சமயத்துல ஊரு பூரா மாஸ்க் தேடிட்டிருந்துச்சு. சரி, துணி வாங்கித் தர்றோம், தைச்சுக் கொடுங்கன்னு சொன்னோம். அஞ்சு பேரு சேர்ந்தாங்க. எங்களுக்கு ஒரே பெருமை. கூலி பேசற நேரம் வந்தப்போ எங்கள்ல ஒருத்தன், “இது சேவைதானே, பார்த்துப் போட்டுக் கொடுக்கலாம்”னான். அக்கா அமைதியா ஒண்ணு கேட்டாங்க: “வெளியில தைக்கிறவைக்கு ஒரு ரேட்டு, அகதிக்கெண்டு தனி ரேட்டோ?”

யாரும் வாயைத் திறக்கல. இலவசமா அரிசி கொடுக்கறப்போ பெரிய மனசோட இருந்த நாங்க, உழைப்புக்குக் காசுன்னு வந்ததும் கை சுருங்கி நின்னோம். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

அப்புறம் கடையில என்ன கூலியோ அதையே பேசினோம். சனிக்கிழமை ஆனா கணக்கு முடிக்கணும், துணி வீணானா நஷ்டம் எங்களோடது, போட்டோ கிடையாது. இதெல்லாம் அவங்க சொல்லி நாங்க எழுதின விதிகள்.

இன்னொரு கேள்வியும் வந்துச்சு. அந்த அஞ்சு பேருல மூணு பேரு இந்துக்கள். அதுல ஒருத்தங்க தயங்கித் தயங்கிக் கேட்டாங்க: “இதுக்குச் செபத்துக்கு வரோணுமோ?” சர்ச்சுல இருந்து உதவின்னு வந்தா இந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும். அவங்களைக் குறை சொல்ல முடியாது. நிவாரண உதவியை மதக் கருத்தைப் பரப்பப் பயன்படுத்தக் கூடாதுன்னு செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு அமைப்புகளும் 1994லயே நடத்தை விதி எழுதியிருக்காங்க. எங்க பங்குத்தந்தை அதை இன்னும் எளிமையாச் சொன்னார்: “பசிச்சவங்ககிட்ட சாமி பேரைக் கேக்கறது, சாமிக்கே அவமானம்.”

படகுல தப்பி வந்த வியட்நாம் மக்களோட நிலைமையைப் பார்த்து, இயேசு சபைத் தலைவர் பேத்ரோ அருப்பே 1980ல அகதிகளுக்காக ஒரு அமைப்பைத் தொடங்கினார். அது தமிழ்நாட்டு முகாம்கள்லயும் வேலை செய்யுது. அவங்க பணியை மூணா சொல்வாங்க: உடனிருப்பது, சேவை செய்வது, உரிமைக்காகப் பேசுவது. உடனிருப்பதுதான் முதல்ல. நாங்க சேவையில ஆரம்பிச்சோம். உடனிருக்கறதை அந்த அக்காகிட்டதான் கத்துக்கிட்டோம்.

முடிவுல எல்லாம் சுபம்னு சொல்லமாட்டேன். சில மாசத்துல மாஸ்க் ஆர்டர் நின்னுபோச்சு. ரெண்டு பேரு விட்டுட்டாங்க. மத்த மூணு பேரும் நைட்டி, உள்பாவாடைன்னு தைச்சு முகாமுக்கு வெளியே இருக்கற கடைகளுக்குப் போட ஆரம்பிச்சாங்க. அந்தக் கடைக்காரங்களுக்கு எங்க குழுவை யாருன்னே தெரியாது. எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு.

அடுத்த தடவை நீங்க உதவின்னு கிளம்பும்போது பையோட ஒரு கேள்வியையும் எடுத்துட்டுப் போங்க: “உங்களுக்கு என்ன வேலை தெரியும்?” பதில் வந்தா, நியாயமான கூலியைக் கேட்டு, அதைச் சனிக்கிழமைக்குள்ள கொடுத்துடுங்க.