சின்ன கிளப்பை நடத்துவது எப்படி? – ஓர் அனுபவ உரை

(மும்பை அங்கத்தினர் கூட்டத்தில், ஒரு வாசகர் வட்டத்தின் முன்னாள் செயலாளர் பேசியதன் எழுத்து வடிவம்.)

 

"எங்கள் ஊரிலும் நாலு பேர் சேர்ந்து ஒரு கிளப் ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறோம், எப்படி நடத்துவது?" என்று பல ஊர்களிலிருந்து அங்கத்தினர்கள் கேட்கிறார்களாம். அதற்குப் பதில் சொல்ல என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் பெரிய நிர்வாகி இல்லை. செம்பூரில் ஒரு சின்ன வாசகர் வட்டத்துக்குப் பன்னிரண்டு வருஷம் செயலாளராக இருந்தவன், அவ்வளவுதான். அதில் சரியாகச் செய்தது கொஞ்சம், தப்பாகச் செய்தது நிறைய. இரண்டையும் சொல்கிறேன்.

1998-ல், காலை எட்டரை மணி லோக்கலில் வி.டி. போகும் நாங்கள் நாலு பேர் தமிழ்ப் பத்திரிகைகளையும் நாவல்களையும் கைமாற்றிக்கொள்வது வழக்கம். "ஞாயிற்றுக்கிழமை வீட்டிலே உட்கார்ந்து பேசினா என்ன?" என்று ஒருவர் கேட்டார். அப்படித்தான் ஆரம்பமாயிற்று. முதல் கூட்டத்துக்குப் பதினோரு பேர் வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. புத்தகம், பாட்டு, உபன்யாசம், சுற்றுலா, சீட்டாட்டம் எல்லாம் உண்டு என்று நோட்டீஸ் அடித்துவிட்டேன். மூன்றாவது மாசம் வந்தது ஆறே பேர். பாட்டுக்கு வந்தவருக்குப் புத்தகப் பேச்சு அலுப்பு. புத்தகத்துக்கு வந்தவருக்குச் சீட்டுக்கட்டு எரிச்சல். அப்போது ஒரு மாமி கேட்டார்: "உங்க கிளப் எதுக்குன்னு ஒரே வரியிலே சொல்லுங்கோ பார்ப்போம்?" என்னால் சொல்ல முடியவில்லை. அடுத்த மாசமே மற்றதையெல்லாம் எடுத்துவிட்டு, "மாசம் ஒரு தமிழ்ப் புத்தகம்" என்று வைத்தோம். முதல் பாடம் அதுதான். நோக்கம் ஒரு வரிக்கு மேல் போனால் கிளப் நிற்காது.

இரண்டாவது, நாளும் நேரமும். மாசத்தின் முதல் ஞாயிறு, சாயங்காலம் நாலு மணி. "இந்த வாட்டி தள்ளி வைக்கலாமா?" என்று ஒரு தடவை ஆரம்பித்தால், பிறகு ஒவ்வொருவரும் போன் பண்ணி "உண்டா, இல்லையா?" என்று கேட்கும்படி ஆகும். 2005 ஜூலை 26-ஆம் தேதி மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. அடுத்த கூட்டம் ஆகஸ்டு 7-ஆம் தேதி. ஐந்தே பேர் வந்தோம்; நடத்தினோம். அன்று புத்தகத்தைப் பற்றிப் பேசவில்லை, அவரவர் வீட்டுக்குள் தண்ணீர் வந்த கதையைத்தான் பேசினோம். ஆனால் மினிட்ஸ் புத்தகத்தில் அந்த மாசத்துக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கத்தினால்தான் வட்டம் நின்றுபோகவில்லை என்று நான் நினைக்கிறேன்.

மூன்றாவது, பணம். இதைக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். சொல்லுவது எனக்குச் சுலபமும் இல்லை.

மாச சந்தா இருபது ரூபாய். பொருளாளராக இருந்தவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பரம யோக்கியர். சிநேகிதர்களுக்குள் என்ன கணக்கு என்று நாங்கள் வருஷத்துக்கு ஒரு தடவை கூட ஒழுங்காகக் கணக்கு வாசித்ததில்லை. 2006-ல் புத்தகம் வைக்க ஒரு பழைய ஸ்டீல் பீரோ 3,400 ரூபாய்க்கு வாங்கினோம். சில மாசம் கழித்துக் கூட்டத்தில் ஒருவர், "பீரோவுக்குப் பில் எங்கே?" என்று கேட்டார். பொருளாளர் தேடினார், கிடைக்கவில்லை. கேட்டவர் விடவில்லை. "பில் இல்லேன்னா எப்படி ஒத்துக்கறது?" என்றார். சுற்றிப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை, செயலாளராகிய நானும் திறக்கவில்லை. அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து வீட்டுக்குப் போய், 3,400 ரூபாயைக் கொண்டுவந்து ஜமக்காளத்தின் மேல் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வரவேயில்லை.

நாலு மாசம் கழித்துப் பழைய மினிட்ஸ் புத்தகத்தைப் புரட்டினேன். அட்டைக்குள் அந்தப் பில் இருந்தது. "பத்திரமா இருக்கட்டும்" என்று வாங்கி அதில் வைத்தவன் நான்தான்.

பணத்தையும் பில்லையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். மாமி காபி கொடுத்தார். அவர் பணத்தை வாங்கிக்கொண்டார், மன்னிப்பையும் ஏற்றுக்கொண்டார். "அடுத்த ஞாயிறு வரணும்" என்றேன். "பில் காணாமல் போனது பெரிசில்லை. அத்தனை பேர்ல ஒருத்தர் கூட 'அவர் அப்படிப்பட்டவர் இல்லை'ன்னு சொல்லலையே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

அடுத்த கூட்டத்தில் பில்லைக் காட்டி, நடந்ததை எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். அன்றிலிருந்து ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் ஐந்து நிமிஷம் கணக்கு. வரவு, செலவு, கையிருப்பு மூன்றையும், யாரும் கேட்காவிட்டாலும் வாசிக்க வேண்டும். எவ்வளவு சின்னத் தொகையானாலும் ரசீது. பில்கள் எல்லாம் ஒரே ஃபைலில். பாங்க் செக்கில் இரண்டு கையெழுத்து. கணக்கு வைப்பது யார் மேலும் உள்ள சந்தேகத்தினால் இல்லை. நாளைக்கு ஒருவர் சந்தேகப்பட்டால், நல்ல மனுஷர் ஒருவர் தலை குனிந்து நிற்கக் கூடாதே என்பதற்காக. ஊரில் கிளப் ஆரம்பிக்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

நான்காவது, பதிவு. "ரிஜிஸ்டர் பண்ணணுமா?" என்று பலர் கேட்கிறார்கள். 1860-ஆம் வருஷத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் போதும். கர்நாடகத்துக்கு 1960-லும் தமிழ்நாட்டுக்கு 1975-லும் தனிச் சட்டங்கள் வந்தன. ஆகையால் உங்கள் மாநில விதியை விசாரித்துக்கொள்ளுங்கள். மாசம் ஒரு தடவை காபி குடித்துப் புத்தகம் பேச இதெல்லாம் வேண்டாம். கிளப் பெயரில் பாங்க் கணக்கு, நன்கொடை, சொந்தச் சாமான் என்று வந்தால் பதிவு செய்வது நல்லது. பதிவு செய்தால் பொறுப்பும் உண்டு. 1860 சட்டப்படி வருஷாந்தரக் கூட்டம் முடிந்து பதினான்கு நாளைக்குள் நிர்வாகிகள் பட்டியலைப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது ஒன்று: சங்கத்தைக் கலைத்தாலும் மிச்சச் சொத்தை அங்கத்தினர்கள் பங்கு போட்டுக்கொள்ள முடியாது, வேறொரு சங்கத்துக்குத்தான் போக வேண்டும்.

ஸ்தாபனம் என்றால் என்ன என்பதற்கு நம் மும்பையிலேயே உதாரணம் இருக்கிறது. ஷண்முகானந்தா சபா 1952-ல் ஏற்பட்டது. அரங்கம் 1963-ல் திறந்தது. 1990-ல் தீப்பிடித்தது, 1998-ல் மறுபடி திறந்தது. நடுவில் எட்டு வருஷம்! கட்டடம் போனாலும் சபா போகவில்லை.

ஐந்தாவது, நாற்காலி. பன்னிரண்டு வருஷம் செயலாளராக இருந்தேன் என்று பெருமையாகச் சொன்னேனே, அதுவும் தப்புதான். 2010-ல் எனக்கு இருதய ஆபரேஷன் ஆனபோது இரண்டு மாசம் கூட்டமே நடக்கவில்லை. போன் நம்பர்கள், பீரோ சாவி, அடுத்த புத்தகம் என்ன என்பது எல்லாம் என்னிடமே இருந்தது. வட்டத்தை வளர்த்தேன் என்று நினைத்துக்கொண்டு அதை என் இடுப்பில் சாவிக்கொத்து மாதிரி சொருகி வைத்திருந்தேன். இப்போது எந்தப் பதவியும் இரண்டு வருஷம்தான். புதியவர் தப்பு செய்தால் செய்யட்டும். நாம் செய்யாத தப்பா?

கடைசியாக, இளைஞர்கள். மும்பையில் நம் குழந்தைகள் தமிழ் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. "படிச்சுட்டு வா" என்றால் வரமாட்டார்கள். அப்போது ஒரு பெண், "நீங்க வாசியுங்கோ மாமா, நாங்க கேக்கறோம்" என்றாள். அதன்பிறகு ஆளுக்கு இரண்டு பக்கம் உரக்க வாசிப்பது வழக்கமாயிற்று. தேவனின் 'துப்பறியும் சாம்பு'வில் ஆரம்பித்தோம். பிறகு டெல்லியைப் பற்றிய ஆதவனின் 'காகித மலர்கள்', செகந்திராபாத்தைப் பற்றிய அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு'. நம்மைப் போல வெளியூரில் இருந்தவர்களின் கதை என்றதும் குழந்தைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 2020-ல் ஊரடங்கு வந்தபோது அந்தப் பெண்தான் போனிலேயே எல்லோரையும் இணைத்து வாசிப்பை நிற்காமல் நடத்தினாள். எழுத்துக் கூட்டிப் படித்தவள், பிறகு செயலாளராகவும் இருந்தாள்.

ஆகவே, ஊருக்கு ஏழு பேர் போதும். நோக்கம் ஒரு வரி, நாள் ஒன்று, கணக்கு எல்லோர் முன்னிலையில், நாற்காலி மாறிக்கொண்டே இருக்கட்டும். அதோடு, கூட்டத்தில் ஒருவர் தலை குனிந்து நின்றால், அவருக்காக ஒருவராவது வாய் திறவுங்கள்.

எல்லோருக்கும் க்ஷேமம் உண்டாகட்டும்.